சிவாஜிநகர் ஞானஸ்நானப் பதிவேடுகளை எத்தனை தலைமுறை வரை நம்பலாம்?

பெங்களூர் சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று லண்டனிலும் மெல்போர்னிலும் டொரான்டோவிலும் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது முன்னோர்களின் பெயர்களைத் தேடுகிறார்கள். பழைய பதிவேட்டில் ‘அந்தோணி, சவரிமுத்துவின் மகன்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டால் போதும், கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார் என்று வம்ச வரைபடத்தில் பெயர் ஏறிவிடுகிறது. அதற்கு மேலே இன்னொரு சவரிமுத்து, அவருக்கும் மேலே இன்னொரு அந்தோணி. இப்படி ஏறும் படிகளில் எத்தனையைச் சான்று தாங்குகிறது, எத்தனை ஆசையால் ஏற்றப்பட்டவை? வேர் தேடும் ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அதனாலேயே இந்தக் கேள்வியைக் கறாராகக் கேட்க வேண்டியிருக்கிறது. தவறான ஒருவரைத் தாத்தா என்று ஏற்றிவிட்டால், உண்மையான தாத்தாவை இரண்டாம் முறையும் இழக்கிறோம்.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். நார்வே நாட்டுத் திருச்சபைப் பதிவேடுகளை எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பாவில் எத்தனையோ நாடுகள் இருக்க நார்வே எதற்கு என்றால், அங்கும் நம்மைப் போலவே அப்பா பெயர்தான் பிள்ளைக்கு அடையாளம். ஓலாவின் மகன் ஓல்சன், மகள் ஓல்ஸ்டாட்டர். அந்த ஓல்சனின் பெயர் ஹான்ஸ் என்றால் அவன் பிள்ளை ஹான்சன். நிலையான குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்ற சட்டம் 1923இல்தான் வந்தது. ஆகவே ‘அந்தோணி, சவரிமுத்து மகன்’ தரும் அதே தலைவலியை நார்வேக்காரர்களும் நூற்றாண்டுகளாக அனுபவித்திருக்கிறார்கள். தமிழகத்துக்கு அந்த நாடு அறவே அந்நியமும் அல்ல. 1814 வரை டென்மார்க்கும் நார்வேயும் ஒரே முடியின்கீழ் இருந்தன. அந்த அரசின் கொடிதான் 1620 முதல் தரங்கம்பாடியில் பறந்தது. 1788 முதல் 1806 வரை அங்கே ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்க்கர் நார்வேயில் பிறந்தவர்.

நார்வேயின் பலம் பதிவேடுகளின் பழமையில் இல்லை. அன்டெபு என்னும் பங்கில் 1623ஆம் ஆண்டிலிருந்து ஏடு இருக்கிறது என்பதும், 1687இல் ஐந்தாம் கிறிஸ்டியான் அரசரின் சட்டம் எல்லாக் குருக்களும் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் ஆராய்ச்சிக்காரருக்குக் கை கொடுப்பது வேறு. ஒரே மனிதர் பல இடங்களில் தலைகாட்டுகிறார். 1736 முதல் திடப்படுத்தல் கட்டாயம், அதற்கொரு பட்டியல். 1810 முதல் அம்மை குத்துதல் சட்டம், அதற்கொரு பட்டியல். பங்கைவிட்டுப் போனவர், புதிதாக வந்தவர் என இடம்பெயர்ந்தோருக்கும் பட்டியல் உண்டு. 1801இல் நாடு முழுவதும் பெயர் வாரியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அப்பா பெயரோடு குடியிருந்த பண்ணையின் பெயரும் சேர்த்து எழுதப்பட்டதால் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரித்தறியவும் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக 1812ஆம் ஆண்டின் ஆணை: குரு ஒரு புத்தகம் எழுத வேண்டும், கோயில் உபதேசியார் அதே பதிவுகளைத் தனியாக இன்னொரு புத்தகத்தில் எழுத வேண்டும், இரண்டு புத்தகங்களும் இரவில் ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது. தீ ஒன்றைத் தின்றால் மற்றது பிழைக்கும். ஒருவர் தவறாக எழுதினால் மற்றவர் காட்டிக்கொடுப்பார். இன்று அந்த ஏடுகளின் படங்களை நார்வே அரசு ஆவணக் காப்பகம் கட்டணமில்லாமல் இணையத்தில் வைத்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு சிவாஜிநகருக்கு வருவோம்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அங்கே தங்கிய ஆங்கிலப் படை பிறகு பெங்களூருக்கு நகர்ந்து 1809இல் கண்டோன்மென்ட் அமைத்தது. படையோடு சேர்ந்து சமையல்காரர், வண்ணார், கொத்தனார், குதிரைக்காரர், தையல்காரர், சிறு வியாபாரி என்று தமிழ் மக்கள் வந்து குடியேறினார்கள். அன்று பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட இடம்தான் இன்றைய சிவாஜிநகர். 1792 முதல் 1823 வரை இந்தியாவில் பணிசெய்த பிரெஞ்சுக் குரு அபே துபுவாவின் காலத்துச் சிறு கோயிலிலிருந்து இந்தப் பங்கின் கதை தொடங்குகிறது. இன்று நாம் பார்க்கும் கோபுரக் கோயில், பின்னாளில் மைசூர் ஆயரான க்ளைனர் அடிகளின் முயற்சியில் எழும்பி, 1882 செப்டம்பர் 8ஆம் தேதி அர்ச்சிக்கப்பட்டது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். 1898இல் பிளேக். இந்த நான்கு சம்பவங்களும் பதிவேட்டை நேராகப் பாதித்தவை. படையும் ரயிலும் வெளியூர் மனிதர்களைக் கொண்டுவந்தன, பஞ்சம் பெற்றோர் பெயர் தெரியாத பிள்ளைகளைக் கொண்டுவந்தது, பிளேக் ஊரைச் சிதறடித்தது.

குடியேறியவர்களின் ஊர் என்பதே முதல் பலவீனத்துக்குக் காரணம். ஞானஸ்நானப் பதிவு ஒரு குழந்தைக்காக எழுதப்படுவது. குழந்தையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவின் கையெழுத்து, இவ்வளவுதான் அதற்கு வேண்டும். அப்பா ஆரணியிலிருந்து வந்தாரா, வேலூரிலிருந்தா, சேலத்திலிருந்தா என்பதை அந்தப் பதிவு கேட்பதே இல்லை. நார்வேயின் இடம்பெயர்ந்தோர் பட்டியலுக்கு ஈடான ஒன்று இங்கே இல்லை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871–72இலேயே தொடங்கியிருந்தாலும், வீடுவீடாக எழுதிய பழைய தாள்களை அரசு காத்துவைக்கவில்லை; தொகை மட்டுமே மிஞ்சியது. எனவே ‘எங்கள் பூர்வீகம் எந்த ஊர்’ என்ற கேள்விக்கு ஞானஸ்நானப் பதிவேடு மிகப் பலவீனமான சாட்சி. திருமணப் பதிவேட்டில் மாப்பிள்ளையோ பெண்ணோ வேறு பங்கைச் சேர்ந்தவராக இருந்து அந்தப் பங்கின் பெயர் எழுதப்பட்டிருந்தால் ஒரு நூல் கிடைக்கும். ஓலை வாசிக்க அந்தப் பங்குக்கு எழுதிக் கேட்டிருப்பார்கள்.

இரண்டாவது சிக்கல் பெயர்கள். ஒரு பங்கில் புழங்கிய ஆண்பெயர்களைக் கணக்கிட்டால் அந்தோணி, சவரிமுத்து, சூசை, ஆரோக்கியம், இன்னாசி, ராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்று ஒரு சிறு வட்டத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். பதிவேடு லத்தீன் வழக்கில் எழுதப்பட்ட காலத்தில் வீட்டில் ராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ் ஆகிறார். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். மகனின் ஞானஸ்நானத்தை எழுதிய குரு பேத்ருஸ் என்றும், மகளின் திருமணத்தை எழுதிய குரு ராயப்பன் என்றும் குறித்திருந்தால் இரண்டும் ஒரே தகப்பன் என்று கணினித் தேடல் சொல்லாது. போதாக்குறைக்கு, எழுதியவர்கள் பெரும்பாலும் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். முத்து என்பதன் உகரத்துக்கு அவர்கள் இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள், ஆங்கிலம் படித்தவர் ஒன்றே எழுதுவார். அகர வரிசை அட்டவணையில் ஒரே பெயர் வெவ்வேறு பக்கங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அட்டவணையில் இல்லை என்பதால் ஏட்டிலேயே இல்லை என்று திரும்பிவந்தவர்கள் மீண்டும் ஒருமுறை வரிவரியாகப் பார்ப்பது நல்லது.

பெயர் மோதலின் ஆபத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1890களில் ஒரே பங்கில் சவரிமுத்துவின் மகன் அந்தோணி என்று மூன்று ஞானஸ்நானங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 1915இல் சவரிமுத்துவின் மகன் அந்தோணிக்குத் திருமணம். அந்த மூவரில் இவர் யார்? வயது உதவும் என்பார்கள். திருமணப் பதிவில் வயது என்பது மாப்பிள்ளை வீட்டார் சொன்னது, இரண்டு மூன்று வருடம் முன்பின் இருப்பது சாதாரணம். தாயின் பெயர் உதவும், ஆனால் மரியம்மாள்களும் குறைவில்லை. மூவரில் இருவர் கைக்குழந்தையாகவே இறந்திருக்கலாம், அதை அடக்கப் பதிவேட்டில் தேடாமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. ஞானஸ்நானப் பதிவையும் திருமணப் பதிவையும் பெயர் ஒற்றுமையை மட்டும் நம்பி முடிச்சுப்போடுவது ஊகம். மூன்றாவதாக ஒரு சாட்சி வந்து இருவரும் ஒருவரே என்று சொன்னால்தான் அது சான்று.

அந்த மூன்றாம் சாட்சி சிவாஜிநகர்ப் பதிவேடுகளில் கிடைக்கும் என்பதே என் நம்பிக்கைக்கு ஆதாரம். மூன்று இடங்களில் அதைத் தேடலாம்.

ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் எழுதப்படும் குறிப்பு முதலாவது. 1907இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் காலத்தில் வெளியான ‘நே தெமெரே’ ஆணை 1908 பாஸ்கு முதல் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்குத் திருமணம் நடந்தால் அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குச் செய்தி அனுப்பி, அந்தப் பதிவின் ஓரத்தில் எங்கே, எப்போது, யாரோடு என்று எழுதவைக்க வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. பிறப்பையும் திருமணத்தையும் கட்டும் முடிச்சைத் திருச்சபையே போட்டுத் தருகிறது. இதைவிட உறுதியான இணைப்பு வேறில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கும்போது இந்த ஓரக் குறிப்பையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லாதவர்கள் பதிவின் சரிபாதியைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

ஞானப்பெற்றோர் அடுத்தது. தாய்மாமனும் அத்தையும் சித்தியும் ஞானத்தந்தை, ஞானத்தாயாக நிற்பது நம் குடும்பங்களில் வழக்கம். ஐந்து பிள்ளைகளின் ஞானஸ்நானங்களை வரிசையாக எழுதி, ஞானப்பெற்றோர் பெயர்களை மட்டும் தனியே எடுத்தால் அந்தத் தாயின் பிறந்தவீடு மெல்லத் தெரியவரும். அந்த அந்தோணி எந்த வீட்டு அந்தோணி என்று கேட்டால், யார் கையில் குழந்தையாக இருந்தாரோ அவர்களே பதில்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. கத்தோலிக்கச் சட்டம் இரத்த உறவுக்குள் திருமணத்தைத் தடைசெய்கிறது. நம் மக்களோ முறைமாமன், முறைப்பெண் கட்டுவதை விடவில்லை. இரண்டுக்கும் நடுவே குருவானவர் விதிவிலக்கு வாங்கியாக வேண்டும், வாங்கியதைத் திருமணப் பதிவில் எழுதியாக வேண்டும். ‘இரண்டாம் படி இரத்த உறவு, விலக்கு அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. பழைய கணக்கில் இரண்டாம் படி என்றால் மணமக்களுக்குப் பொதுவான பாட்டன் பாட்டி இருக்கிறார்கள் என்று பொருள். ஐரோப்பாவில் இந்தக் குறிப்பு கிடைத்தால் நான்கு விதமாக உறவு இருக்க வாய்ப்புண்டு: இரண்டு தகப்பன்மார் சகோதரராகலாம், இரண்டு தாய்மார் சகோதரிகளாகலாம், ஒருவர் தகப்பனும் மற்றவர் தாயும் உடன்பிறந்தவராக இருக்க இரண்டு வழி. தமிழ்க் குடும்பத்தில் முதல் இரண்டும் கிடையாது. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளும் சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் நமக்கு அண்ணன் தங்கை முறை, கட்டமாட்டார்கள். எனவே அது மாமன் மகள் அல்லது அத்தை மகள். ‘முதல் படி கலந்த இரண்டாம் படி’ என்று இருந்தால் அக்கா மகளைக் கட்டியவர். மூன்றாம் படி என்றால் பாட்டன் பாட்டிகள் உடன்பிறந்தவர்கள். பெயர் எழுதப்படாத இரண்டு தலைமுறையை இந்த ஒரு வரி நமக்குத் திறந்துவிடுகிறது, நம் உறவுமுறை தெரிந்தவருக்கே அது முழுமையாகத் திறக்கும். படிக்கணக்கு காலத்துக்குக் காலம் மாறியது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு வரும்வரை நான்காம் படி வரை தடை, அதன்பின் மூன்றாம் படி வரை. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு எண்ணும் முறையையே மாற்றியது, அதன்படி மாமன் மகள் நான்காம் படி. ஆண்டைப் பார்க்காமல் படியைப் படித்தால் உறவு தவறாகிவிடும்.

இவற்றோடு சிறு உதவி ஒன்று குருவின் கையெழுத்து. தேதி மங்கிய பக்கத்தில் கையெழுத்து தெளிவாக இருந்தால், அந்தக் குரு எந்த ஆண்டுகளில் எங்கே பணிசெய்தார் என்பதைப் பாரிஸ் சபையின் காப்பகம் வைத்திருக்கும் வாழ்க்கைக் குறிப்புகளில் சரிபார்க்கலாம்.

இனி, இந்தப் பதிவேடுகளின் ஆகப்பெரிய பலவீனத்துக்கு வருகிறேன். கையெழுத்தோ லத்தீனோ அல்ல, பிரதி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலிக்கன் குருக்கள் தாங்கள் கொடுத்த ஞானஸ்நானம், நடத்திய திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்கள். சென்னை மாகாணத்து நகல்கள் லண்டனில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் ஒரு தனி வரிசையாகப் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் ஏறிவிட்டன. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும். கண்டோன்மென்டில் ஒரு வெள்ளைச் சிப்பாயின் குழந்தைக்குப் பெங்களூரில் ஒன்று, லண்டனில் ஒன்று என இரண்டு சாட்சிகள். அதே வாரம் பிளாக்பள்ளியில் ஞானஸ்நானம் பெற்ற அந்தச் சிப்பாயின் சமையல்காரர் மகளுக்குப் பங்கு ஏடு ஒன்றே சாட்சி. கறையானும் மழையும் பாகுபாடு பார்ப்பதில்லை. நகல் எடுத்தவர்கள் பார்த்தார்கள். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தமிழ்க் கிறித்தவர்களுக்கு நகலே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டம், 30ஆம் பிரிவின்படி, கத்தோலிக்கத் திருமணப் பதிவுகளின் விவரத்தை மூன்று மாதத்துக்கொருமுறை அரசுப் பதிவாளருக்கு அனுப்பச் சொல்கிறது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 470ஆம் விதி, ஒவ்வொரு பங்கும் ஆண்டு முடிவில் பதிவேடுகளின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. இந்தப் பங்கு 1940 வரை மைசூர் மறைமாவட்டத்தில் இருந்தது, அதன்பின் பெங்களூரு. 1850க்கு முன் புதுச்சேரியின் ஆளுகை. எனவே ஒரு பதிவின் இரண்டாம் சாட்சியைத் தேடுபவர் சிவாஜிநகரோடு நிற்காமல் காலத்தைப் பார்த்து மைசூருக்கும் கேட்டு எழுத வேண்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த ஆண்டு நகல் விதி இல்லை. கோயில் ஆவணங்களின் பட்டியலை மட்டும் இரண்டு பிரதியாக எழுதி, ஒன்றை மறைமாவட்டக் காப்பகத்தில் வைக்கச் சொல்கிறது 491ஆம் விதி. நார்வே 1812இல் புத்தகத்துக்கே செய்ததை இன்றைய விதி பட்டியலுக்குச் செய்வதோடு நின்றுவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்களின் நினைவை இந்த எடையில் எங்கே வைப்பது? ஏடு மௌனமாக இருக்கும் இடத்தில், அதாவது பூர்வீக ஊர், வந்த காரணம், குடியிருந்த தெரு ஆகியவற்றில், நினைவு நல்ல சாட்சி. செப்பிங்ஸ் ரோட்டில் இருந்தோம், தர்மராஜா கோயில் தெருவில் இருந்தோம் என்று பாட்டி சொன்னால் அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நினைவு தலைமுறைகளைச் சுருக்கும். கொள்ளுத்தாத்தாவின் அப்பா செய்ததைக் கொள்ளுத்தாத்தா தலையில் வைத்துப் பேசுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஆண்டுக்கும் தலைமுறை எண்ணிக்கைக்கும் ஏடு, ஊருக்கும் தொழிலுக்கும் நினைவு. இரண்டும் மோதினால் எந்தக் கேள்வியில் மோதுகின்றன என்று பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஏடுகளைத் திறந்துவிடத் தயங்குவோரின் வாதத்தையும் நான் எளிதில் தள்ளமாட்டேன். பழைய மிஷன் பதிவேடுகள் பலவற்றில் சாதி எழுதப்பட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறித்தவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. இந்நிலையில் ஒரு தாத்தாவின் ஞானஸ்நானம் பேரனின் சாதிச் சான்றிதழ் வழக்கில் எதிர்ச்சான்றாக வந்து நிற்க முடியும். வெறும் ஆர்வத்துக்காகத் திறக்கும் பக்கம் இன்னொருவரின் வாழ்வைத் தொடலாம். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது பதிவேட்டைப் பூட்டிவைத்து மட்கவிடுவதற்குக் காரணம் ஆகாது. பார்ப்பதற்குக் கட்டுப்பாடு வையுங்கள், படம் எடுப்பதற்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் சீர்தூக்கி நான் வரும் முடிவு இது. 1908க்குப் பின் திருமணம் செய்துகொண்ட முன்னோர் வரை, ஓரக் குறிப்பும் அதே பங்கின் திருமணப் பதிவும் கைகோத்தால், வம்சத் தொடர்ச்சி ஐயத்துக்கு இடமில்லாதது. அவர்களுடைய பெற்றோரின் பெயர்களும் அந்த ஞானஸ்நானப் பதிவிலேயே இருப்பதால் இன்னொரு படி ஏறலாம். இன்று முப்பது வயதுள்ள ஒருவருக்கு இது ஏறக்குறைய நான்கு தலைமுறை. விதிவிலக்குக் குறிப்பு இருக்கும் குடும்பங்களில் ஐந்தாவதையும் ஆறாவதையும் உறவாகச் சொல்லலாம், பெயராகச் சொல்ல முடியாது. அதற்கு மேலே, ஞானப்பெற்றோர் சாட்சி இல்லாமல், பெயர் ஒற்றுமையால் மட்டும் ஏற்றப்பட்ட எந்த முன்னோரையும் நான் ஏற்கமாட்டேன். பஞ்ச காலத்தில் பெற்றோர் பெயரின்றி ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையில் ஒரு வம்சம் முடிந்தால், அங்கேயே கோடு போட்டு நிறுத்துவதுதான் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் மரியாதை. பூர்வீக ஊரைப் பொறுத்தவரை ஞானஸ்நானப் பதிவேட்டின் சாட்சியத்தைத் தனித்து ஏற்கவே கூடாது.

மறைமாவட்டத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. நூறு ஆண்டு கடந்த பதிவேடுகள் அனைத்தையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு பிரதியைப் பங்கிலும் ஒரு பிரதியை வேறொரு கட்டடத்திலும் வையுங்கள். பார்க்கக் கேட்பவர் நேர் வாரிசா என்று விசாரித்துக் காட்டுங்கள், சாதிக் குறிப்பை அட்டவணையில் ஏற்றாதீர்கள். வாசகருக்கும் ஒன்று: ஒருவரின் நிலையைக் காட்டும் பொது ஆவணங்களின் சான்றளித்த நகலைப் பெற அவருக்கு உரிமை உண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 487ஆம் விதி சொல்கிறது. உங்கள் ஞானஸ்நானச் சான்றிதழில் தொடங்குங்கள், ஓரக் குறிப்போடு கேட்டு வாங்குங்கள், பிறகு பெற்றோரின் திருமணப் பதிவுக்குப் போங்கள். பெயர் பட்டியலின் நடுவில் குதிக்காதீர்கள், இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக ஏறுங்கள்.